பெயர் ஒட்டாத இரட்டைக் கப்பல்கள்

என் வயதுக்காரர்களுக்கு ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டியது ஞாபகம் இருக்கும். எழுபத்தொன்றாம் வருஷம், டிசம்பர். உங்கள் ஊரில் அது பாதி விளையாட்டாகக்கூட இருந்திருக்கலாம். மட்டாஞ்சேரியில் அப்படி இல்லை. கடற்படைத் தளம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். முதல் குண்டு துறைமுகத்தில் விழும், அடுத்தது எண்ணெய்த் தொட்டிகளில், அதற்கடுத்தது நம்ம தலையில் என்று முனைச் சாயாக்கடைக்காரர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வரிசை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுச் சாயாவை ஆற்றுவார். அந்த மனுஷனுக்குப் பயமே கிடையாதா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இப்போது நினைத்தால், பயந்ததனால்தான் அவ்வளவு பேசினார் என்று தோன்றுகிறது.

மற்றவர்கள் பயந்து பயந்து ஆகாயத்தைப் பார்த்தார்கள். நாங்கள் எங்கள் வீட்டு மேஜையைப் பார்த்தோம். மேஜை மேல் கப்பல்கள் இருந்தன.

அப்பா போர்டு எழுதுகிறவர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பஜாரில் அரிசி மண்டி, மிளகு மண்டி, சுக்கு மண்டி எல்லாவற்றின் நெற்றியிலும் அப்பாவின் எழுத்துதான். மலையாளம், இங்கிலீஷ், தமிழ் எல்லாம் எழுதுவார். குஜராத்திச் சேட்டுகளுக்குக் குஜராத்தியும் எழுதுவார், ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாமல். அது போக வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவார். அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வள்ளம் வேலை முடிந்து கரையில் கிடக்கும்போது தூரிகையைத் தொடவே மாட்டார். தண்ணீரில் இறக்கி, அது ஒரு தடவை ஆடி அடங்கிய பிறகு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு எழுதுவார். "கரையில கிடக்கிறது வெறும் பலகை. வெள்ளத்துல ஆடினாத்தான் அதுக்குப் பேரு" என்பார். வேட்டி நனைந்து வீட்டுக்கு வந்து நிற்கும்போது அம்மா திட்டுவாள். அவர் காதில் வாங்கியதே இல்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம் ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஒருவர் தேடி வந்தார். கடற்படையில் அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். எல்லாரும் கமாண்டர் சார் என்றுதான் சொல்வோம். பல வருஷமாகத் தேக்குத் துண்டுகளில் போர்க்கப்பல்கள் செதுக்கி வைத்திருந்தார். பெரியது ஒரு புதுப் பென்சில் நீளம் இருக்கும். சின்னது ஒரு விரல் நீளம். அதிலேயே பீரங்கி, புகைபோக்கி, கொடிமரம் எல்லாம் இருக்கும். அடிப்பாகம் தட்டையாக, தண்ணீருக்கு மேலே தெரிகிற அளவு மட்டும். இப்போது அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. அவற்றை ஒரு கிளப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் நிற்க ஒரு துண்டுக் கடலும் முன்னால் ஒரு பெயர்ச்சீட்டும் வேண்டும், செய்து தர முடியுமா என்று கேட்டார். அப்பா கப்பல் ஒன்றைக் கையில் எடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சாப்பாட்டு வேளையைக்கூட மறக்கப் போகிறார் என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டாள்.

கடல் செய்வது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிளைவுட்டை அளவாக அறுத்து ஓரத்தைத் தேய்க்க வேண்டும். சாக்குக்கட்டிப் பொடியில் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையை விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைய வேண்டும். வஜ்ஜிரம் காய்கிற நாற்றம் தெருமுனை வரை போகும். மாவைப் பலகையில் கத்தியால் பரப்பி, கப்பலின் அடியில் எண்ணெய்க் காகிதம் வைத்து அமுக்கி எடுத்தால் அது உட்காரக் குழி கிடைக்கும். பிறகு அப்பா பெருவிரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அலை இழுப்பார். முகப்பில் தண்ணீர் இரண்டாகப் பிளக்கிற இடம், பின்னால் நீளமாகக் கலங்கிக் கிடக்கிற தடம், எல்லாம் பெருவிரல்தான். காய்ந்த பின் வர்ணம். நுரை என் வேலை. பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு நகத்தால் சுண்ட வேண்டும். என் பாவாடையிலும் கொஞ்சம் நுரை எப்போதும் இருக்கும்.

முதல் தடவை செய்த கடல்களைப் பார்த்துக் கமாண்டர் சார் வயிறு குலுங்கச் சிரித்தார். பலகையைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து, "எடோ, இது நம்முடெ காயல் ஆணு. ஆப்பிரிக்கன் பாயல் மாத்ரம் குறைவு" என்றார். பாயல் என்றால் அப்போது காயலை, எங்கள் உப்பங்கழியை, மூடிக் கிடந்த பச்சைக் களை. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது நிஜம். அப்பா படகுத் துறையில் நின்று பார்த்துப் பார்த்து, பச்சையும் மண்ணும் கலந்து, கொஞ்சம் எண்ணெய் மினுமினுப்பும் சேர்த்து அடித்திருந்தார். அப்போது வீட்டில் இருந்த யாரும் கரை தெரியாத கடலைப் பார்த்ததில்லை.

"அப்போ வெளிக்கடல் என்ன நிறம் சார்?"

"கறுப்பு. நீலம் மேலே ஒரு மினுக்கம், அத்ரேயுள்ளூ. அடியில் முழுவன் கறுப்பா."

அப்பா எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலில் கறுப்பு அடித்தார். பிறகு அதன் மேல் நீலத்தைத் துணியால் ஒற்றினார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இத்தனை கறுப்பா? இதுக்கு மேலயா எம்பிள்ளை நிக்கிறான்?" என்றாள்.

அவள் பிள்ளை, என் அண்ணன், கடற்படையில் சேர்ந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சியின் மகனும் அவனும் ஒரே படகில் எறணாகுளம் போய் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். சேச்சி விதவை. அந்த ஒரு பிள்ளைதான். அம்மாவும் சேச்சியும் சுக்கு மண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுக்குப் பொறுக்குகிறவர்கள். சுக்குக்குப் பூசிய சுண்ணாம்புத் தூசியில் இருவர் புருவமும் சாயங்காலத்தில் வெள்ளையாக இருக்கும். ஒரு பாத்திரத்தில் இருந்து சாப்பிடுவார்கள். அம்மா மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள், சேச்சியும் அப்படியே. யார் எந்தப் பாஷைக்காரர் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாது.

பையன்கள் இருவரையும் வேறு வேறு கப்பலில் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒரே அச்சில் கட்டிய இரட்டைக் கப்பல்கள். கமாண்டர் சார் செதுக்கியவற்றிலும் இரண்டும் இருந்தன. எது எது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, அவருக்கும் புரை விழுந்த கண்ணால் சொல்லத் தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணு தன்னே. பேரு ஒட்டினால் தீர்ந்நு" என்றார்.

பெயர்ச்சீட்டு கறுப்பு அட்டையில், வெள்ளை எழுத்தில். ஓர் எழுத்து அரிசிமணியில் பாதி. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவார். வள்ளத்துக்கு உள்ள சட்டம்தான் இதற்கும். கப்பலைக் கடலில் பதித்து, பசை காய்ந்து, அசையாமல் நின்ற பிறகுதான் சீட்டு ஒட்டுவார். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தார். இரட்டைக் கப்பல்களின் முறை வந்தபோது ஊரெல்லாம் சண்டைப் பேச்சு.

அம்மா அப்பாவின் கையைப் பிடித்துவிட்டாள். "நம்ம கப்பலுக்கு மட்டும் வேண்டாங்க. வெள்ளத்துல ஆடினாத்தான் பேருன்னு நீங்கதானே சொன்னீங்க? பேரில்லாம இருந்தா அது இன்னும் கரையிலதான் இருக்கு. அவன் வந்து படியேறட்டும். அப்புறம் ஒட்டுங்க."

"பைத்தியமா உனக்கு? இது மரக்கட்டை."

"எனக்குப் பேடியா இருக்கு, பயமா இருக்கு. அவ்வளவுதான்."

சேச்சியிடம் அம்மா இதைச் சொல்லாமல் இருப்பாளா? மறுநாளே சேச்சி வந்து, "அப்போ என்டெ மோன்டெதும் ஒட்டண்டா" என்றாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு இரண்டு சீட்டுகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தார். அந்தப் பெயர்கள் இரண்டையும் நான் இன்றைக்கும் காகிதத்தில் எழுதுவதில்லை. இதிலும் எழுதப் போவதில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சண்டை தொடங்கியது. பொழுது சாய்ந்தால் தெருவில் விசில் சத்தம், "லைட்டு, லைட்டு" என்று கத்தல். சேச்சி மாதா படத்துக்கு முன்னால் தீக்குச்சிகூடக் கொளுத்தாமல் இருட்டில் ஜெபம் சொல்லுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். அம்மா சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள். நான் பாயில் படுத்துக்கொண்டு மேஜை இருக்கிற திசையைப் பார்ப்பேன். எதுவும் தெரியாது. ஆனால் அங்கே அத்தனை கப்பல்களும் கறுப்புக் கடலில் நிற்கின்றன என்பது தெரியும். யாராவது மேஜையில் இடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு நாள் காலையில் அப்பா சாயாக்கடையிலிருந்து சாயா குடிக்காமலே திரும்பி வந்தார். பின்னாலேயே கமாண்டர் சார் வந்தார், வழியில் கடைத் தூண்களைத் தொட்டுத் தடவிக்கொண்டு. நம் கப்பல் ஒன்று மூழ்கிவிட்டதாக வெளிநாட்டு ரேடியோ சொன்னதாம். எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை, எந்த வகை என்று மட்டும் சொன்னதாம். கமாண்டர் சார் மேஜைப் பக்கம் கையை நீட்டினார். இரட்டைகளில் ஒன்று.

சேச்சிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. தலைமுடியை முடியாமல் ஓடி வந்தாள். அம்மா மேஜைக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அம்மா சட்டென்று அப்பாவிடம், "சீட்டை எடுங்க. ஒட்டுங்க. இப்பவே ஒட்டுங்க" என்றாள். ஒட்டாதே என்று கையைப் பிடித்த அதே அம்மா. பெயரில்லாமல் இருந்தால் கரையில் இருக்கும் என்று நம்பியவளுக்கு, பெயரில்லாததைக் கடவுள் எப்படித் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவார் என்று பயம் வந்துவிட்டது.

அப்பா தீப்பெட்டியை எடுத்தார். திறந்தார். பிறகு, "எதுல ஒட்ட?" என்று கேட்டார்.

ஒன்றில் அண்ணன் கப்பலின் பெயரை ஒட்டினால் மற்றது சேச்சியின் பிள்ளையுடையது ஆகிவிடும். அம்மா தன் பக்கம் இருந்த கப்பலின் மேல் கையை வைத்துக்கொண்டாள். சேச்சி அவள் பக்கம் இருந்ததன் மேல் வைத்தாள். இரண்டு பேர் விரலிலும் சுண்ணாம்பு. ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. ஒருத்தி தன் பிள்ளைக்காக வேண்டிக்கொள்வது என்றால் மற்றவள் பிள்ளை போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான், அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்குக்கூடத் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பயந்ததில்லை. எனக்கு என் அண்ணன் வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

கடைசியில் அப்பா தீப்பெட்டியை மூடி மடியில் செருகிக்கொண்டார். "வேலைக்குப் போங்க, ரெண்டு பேரும். வீட்டுல இருக்காதீங்க" என்றார்.

போனார்கள். பெயர் தெரிகிற வரைக்கும் தினமும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே பொறுக்கினார்கள். பள்ளிக்கூடம் சரியாக நடக்காததால் நானும் கூடப் போய் மண்டி முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மா பாத்திரத்தைத் திறப்பாள். சேச்சி ஒரு வாய் எடுப்பாள். பேச்சு சுக்கைப் பற்றி மட்டும்தான். இது புழு, இது நல்லது, இது ஈரம். அவ்வளவு கவனமாக அவர்கள் சுக்குப் பொறுக்கி நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு மத்தியானம் அப்பா மண்டி வாசலில் வந்து நின்றார். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. ரேடியோவில் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்று நின்ற நிலையிலேயே தெரிந்துபோயிற்று. சுக்குக் குவியலுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் தலை நிமிர்ந்தார்கள். அப்பா யாரைப் பார்க்கப் போகிறார் என்று மட்டும் காத்திருந்தார்கள்.

அப்பா சேச்சியைப் பார்த்தார்.

சேச்சி கையில் இருந்த சுக்கைக் குவியலில் திரும்ப வைத்தாள். அம்மா இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். துக்கம் தாங்காமல் என்றுதான் மண்டியில் எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும், உள்ளே இருந்து கிளம்பிய ஏதோ ஒன்று வெளியே வந்துவிடாமல் பொத்திக்கொண்டாள். துக்கமும் அதில் இருந்திருக்கும். முதலில் வந்தது அது இல்லை. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அதே நேரத்தில் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

சண்டை முடிந்து ஜன்னல் காகிதங்களைக் கிழித்த பிறகு கமாண்டர் சார் கப்பல்களை எடுத்துப் போக வந்தார். மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு ஒவ்வொன்றாக அடுக்கினோம். இரட்டைகளில் ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "அது அவருக்குக் கொடுக்கணும்" என்று சேச்சி வீட்டுப் பக்கச் சுவரைக் காட்டினார். எதைக் கொடுப்பது என்று அப்பா கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றைத் தொட்டார். சீட்டை ஒட்டினார். நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். சேச்சிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "இது தன்னே அல்லே மோளே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுதானா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. கிளப்பில் இருந்த கண்ணாடிப் பெட்டி பின்னாளில் என்ன ஆயிற்று என்றும் தெரியாது. நான் விசாரித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் ஏதோ மொபைல் கடை இருந்தது.

சேச்சி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அதிகம் வரவில்லை. அம்மாவும் வேறு வரிசையில் உட்கார்ந்து சுக்குப் பொறுக்க ஆரம்பித்தாள். கேட்டால், அங்கே வெளிச்சம் நல்லா இருக்கு என்றாள்.

வெயில் காலத்தில் அண்ணனுக்கு லீவு கிடைத்தது. மற்ற வீடுகளில் பிள்ளை உயிரோடு வந்தால் தெருவுக்கே பாயசம் வைப்பார்கள். எங்கள் அம்மா அவனை விளக்கு வைத்த பிறகு, படகுத் துறையிலிருந்து கிட்டங்கிச் சந்து வழியாகப் பின்வாசலில் கூட்டிவரச் சொன்னாள். வந்ததும் கதவைச் சாத்தினாள். சட்டையைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள். "சத்தமாச் சிரிக்காதே. அந்தச் சேச்சி கேட்டா நெஞ்சு வெடிச்சிரும்" என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கிற நிலையில் இல்லை என்பதை அம்மா கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரே படகில் போனவனை விட்டுவிட்டு வந்தவன் அவன். சேச்சி முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயத்தில், அம்மா சொன்னபடியெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கடல் காற்றில் பிடித்த இருமல் ஒன்று அவனை விடவில்லை. அது வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வான்.

சேச்சி மனம் நோகக்கூடாது என்பது அம்மா சொன்ன காரணம். இன்னொன்றும் இருந்தது. அண்ணனுக்குத் தினமும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். யார் கண்ணுக்குப் பயந்து என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு பாத்திரத்தில் சாப்பிட்டவளின் கண்ணுக்குத்தான். இப்போது எனக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்தப் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா அந்த விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள்.

ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அம்மா பாதி மட்டும் திறந்து, திறந்த இடத்தை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். சேச்சி. மெலிந்து போயிருந்தாள். கையில் வாழையிலையைப் போட்டு மூடிய பாத்திரம்.

"அவன் வந்நோ?" என்று கேட்டாள்.

"இல்லை சேச்சி. லீவு கிடைக்கலையாம்" என்றாள் அம்மா.

உள்ளே அண்ணன் அசையவில்லை. சேச்சிக்குக் கோபம் வரும், சாபம் விடுவாள், தெருவைக் கூட்டுவாள் என்றெல்லாம் நினைத்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

சேச்சி கத்தவில்லை. "நுண பறையண்டா, பொய் வேண்டாம். அவன் இருமுற சத்தம் நான் சுவர்ல காதை வச்சுக் கேட்டுட்டுத்தானே கிடக்கேன், வந்ந அன்னையிலேர்ந்து" என்றாள். பிறகு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவாள் என்பது போலிருந்தது.

"எதுக்கு அவனை எங்கிட்டேர்ந்து ஒளிச்சு வச்சே? எனக்கு இனி கண்ணால காண இவன் மாத்ரம்தானே உள்ளூ."

அம்மா கதவிலிருந்து விலகினாள்.